உபகாரச் சம்பளமா, உழைத்த கூலியா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் நெடுஞ்சாலையில், முதுநகரைக் கடந்ததும், உப்பனாற்றை ஒட்டி நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. ரசாயனமும் மருந்தும் சாயமும் உற்பத்தியாகும் அவ்வாலைகளை அறிவிப்புப் பலகையின் உதவியின்றிக் காற்றைக் கொண்டே கண்டுகொள்ளலாம் என்பது அவ்வழியே பிரயாணம் செய்தோர் யாவரும் அறிந்ததே. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம் முதலிய கிராமத்தாரும் அப்பால் உள்ளோரும் ஷிப்டு மாறி ஷிப்டாக இரவும் பகலும் அங்கே உழைக்கின்றனர். ஆலைக்குள் போகிறவர்களை நாடு பார்க்கிறது. ஆலைகளின் பெருக்கத்தை மந்திரிகள் மேடைதோறும் எடுத்துரைக்கின்றனர். ஆனால் ஐம்பத்தெட்டு வயதாகி அவ்வாயிலைக் கடைசி முறையாகக் கடந்து வெளியே வருகிறானே, அவன் எங்கே போகிறான், எதைக் கொண்டு உண்கிறான் என்று விசாரிப்பார் மிகச் சிலரே.

அத்தகைய பெரியவர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பேட்டையில் பாய்லர் அருகே நின்றவர். ஆலை ஒன்றே, கண்டிராக்டர்கள் மட்டும் நால்வர் மாறினர். முதலிருவர் சேமநிதி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பின்னிருவர் காலத்தில் அவர் பெயரில் நிதி கட்டப்பட்டது. கணக்கைக் கூட்டினால் 9 ஆண்டு 4 மாதம் வருகிறது. ஓய்வூதியம் பெறப் பத்தாண்டு வேண்டும் என்பது விதி. இடையில் வேலை மந்தமாயிருந்த எட்டு மாத காலம் அவர் கூலியிலிருந்து நிதிக்கென்று பிடித்த பணம் நிதிக்குப் போய்ச் சேரவேயில்லை. அவ்வெட்டு மாதத்துச் சம்பளச் சீட்டுகளையும் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருக்கிறார். "ஐயா, நான் கொடுத்துவிட்டேன்; அவர்கள் கட்டவில்லை. இதில் என் குற்றம் என்ன?" என்று கேட்டார். கடைசி ஐந்தாண்டில் சராசரியாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கியவருக்கு, பத்தாண்டு கூடியிருந்தால் ஆயுள் உள்ளவரை மாதம் 1,700 ரூபாய்ச் சில்லறை கிடைத்திருக்கும். அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் ஒரு தொகை வரும். அவ்வெட்டு மாதம் ஏட்டில் ஏறாமையால், அவர் கட்டியதில் ஒரு தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1995ஆம் ஆண்டு நவம்பர் 16 முதல் அமலுக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம், ஓய்வூதியத்துக்குரிய ஊழியம் எது என்று வரையறுக்கையில், நிதிக்குப் பணம் வந்துசேர்ந்த காலத்தை மட்டும் சொல்லவில்லை. வந்துசேர வேண்டிய காலத்தையும் சேர்த்தே சொல்லுகிறது. கண்டிராக்டர் மூலம் அமர்த்தப்பட்டவனுக்கும் பணம் கட்டும் பொறுப்பு முதற்கண் ஆலை முதலாளியுடையதே என்று 1952ஆம் ஆண்டுச் சேமநிதித் திட்டம் விதித்திருந்தது. இப்பெரியவர் உழைத்த காலம் முழுவதும் அவ்விதியே அமலில் இருந்தது. தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடி என்று பீனல் கோடு வெகுகாலம் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதீய நியாய சங்கிதையும் அதையே சொல்லுகிறது. ஆகவே சட்டம் பெரியவர் பக்கமே இருக்கிறது. நடைமுறையோ ஏட்டின் பக்கம் இருக்கிறது. ஏட்டில் ஏறாததற்கு ஆலைக்காரரைப் பிடித்து விசாரிக்க வேண்டிய பாரத்தை, மஞ்சள் பையோடு நிற்கும் முதியவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

இவ்வநியாயத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்தால், அது ஒரு சொல்லிலேயே இருக்கக் காண்கிறோம். பென்ஷனுக்கு நம் பெரியோர்கள் வழங்கிவந்த பெயர் உபகாரச் சம்பளம் என்பது. உபகாரம் என்றால் கொடுப்பவன் மனமிருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் கையை மூடிக்கொள்வான். அந்நிய சர்க்கார் அப்பொருளில்தான் பென்ஷனை நடத்திற்று. சர்க்கார் அளிக்கும் பென்ஷன் பற்றிச் சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடர இயலாது என்று 1871ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டத்தின் நான்காம் பிரிவு கதவைச் சாத்திற்று. அரசன் ஈகையைக் குறித்துப் பிரஜை கேள்வி கேட்கலாகாது என்பதே அதன் உட்கருத்து. எனினும் அதே சட்டத்தின் பதினோராம் பிரிவு, பென்ஷன் பணத்தைக் கடன்காரன் ஜப்தி செய்யக்கூடாது என்றும் தடுத்தது. வயோதிகன் வாய்ச்சோற்றைப் பறிக்க அந்நியனுக்குங்கூடக் கை கூசிற்று!

சுயராஜ்யம் வந்தபின் அச்சொல்லின் பொருள் மாறிற்று. முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்குத் தன் சக்திக்கு இயன்றவரை ராஜ்யம் வகைசெய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41ஆம் ஷரத்து பணித்தது. பென்ஷன் என்பது எஜமானன் இஷ்டப்படி வழங்கும் கொடையன்று, செய்த ஊழியத்தால் சம்பாதித்த உரிமை என்று 1982 டிசம்பர் 17ஆம் தேதி நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புக் கூறினர். இன்று தமிழில் ஓய்வூதியம் என்கிறோம். அது சரியான சொல். ஊதியம் என்பது உழைத்தவன் பெறுவது. உழைத்த காலத்தில் முழுவதும் கொடாமல் ஓய்வுகாலத்துக்கென்று ஒதுக்கிவைத்த கூலி அது. கூலியாயின் அது கடன். கடனாயின் கஷ்டகாலம் வந்ததென்று அதைக் குறைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது இவ்வொன்றையே. பெயர் மாறிற்று, நடத்தை மாறவில்லை.

எங்ஙனம் என்று கேட்பவர் கணக்கைப் பார்க்கட்டும். தொழிலாளி தன் சம்பளத்தில் 12 சதவீதம் கட்டுகிறான். முதலாளி 12 சதவீதம் கட்டுகிறார். முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. இந்திய சர்க்கார் 1.16 சதவீதம் சேர்க்கிறது. இக்கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 2001 முதல் 6,500 ரூபாய். 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். சராசரிச் சம்பளத்தை ஊழிய ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். பழைய உச்சவரம்பில் பத்தாண்டு உழைத்தவனுக்கு 928 ரூபாய். புதிய உச்சவரம்பில் பத்தாண்டுக்கு 2,142 ரூபாய். முப்பதாண்டு உழைத்தால், இனாமாகச் சேர்க்கும் இரண்டு ஆண்டுகளையும் கூட்டி, 6,857 ரூபாய். 2014 வரை கடைசி ஓராண்டின் சராசரிச் சம்பளத்தைக் கொண்டு கணித்தார்கள். அவ்வாண்டு முதல் ஐந்தாண்டின் சராசரியைக் கொண்டு கணிக்கிறார்கள். சம்பளம் ஏறிவரும் எவனுக்கும் இதனால் தொகை குறையுமேயன்றிக் கூடாது.

அதே 2014ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ராஜ்ய சபையின் மனுக்கமிட்டி, பகத் சிங் கோஷ்யாரி தலைமையில் அமர்ந்து, அதற்கு முந்திய ஆண்டிலேயே 3,000 ரூபாய் வேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தது. சிபாரிசு ஏட்டிலே கிடந்தது. 2025ஆம் ஆண்டு முடியும்வரை அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. விலைவாசியோ இந்த இடைக்காலத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அதாவது அன்று ஆயிரம் ரூபாய் வாங்கிய பண்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட இன்று அப்பணம் வாங்காது. சர்க்கார் ஊழியருக்கு விலைவாசிக்கேற்பப் பஞ்சப்படி உயர்கிறது. ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்குப் பஞ்சப்படி என்பதே கிடையாது.

இன்னும் ஒரு விந்தை கேளுங்கள். ஒரு காசும் கட்டாத ஆதரவற்ற முதியவருக்குத் தமிழ்நாட்டு சர்க்கார் 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய் கொடுக்கிறது. அது தர்மம், கொடுக்க வேண்டியதே, இன்னும் அதிகம் கொடுத்தாலும் தகும். ஆனால் பத்தாண்டுக்கு மேல் பணம் கட்டிய தொழிலாளிக்கு உத்தரவாதம் செய்த தொகை அதைவிட 200 ரூபாய் குறைவு! மற்றொரு பக்கம் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் ஊழியருக்கென வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், பத்தாண்டு ஊழியம் செய்தவருக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாயும் அதன்மேல் பஞ்சப்படியும் உண்டு. அவர் பெறுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஒரே நாட்டில், ஒரே கடைத்தெருவில் அரிசி வாங்கும் இரு முதியோர்களில் ஒருவருடைய பத்தாண்டு 10,000 ரூபாய்க்கும் மற்றவருடைய பத்தாண்டு 1,000 ரூபாய்க்கும் சமம் என்பது எந்தத் தராசில் நிறுத்த நியாயம்?

இது சாதாரண காலத்து நிலை. கஷ்டகாலத்தில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கடலூர் ஜில்லா கஷ்டகாலத்துக்குப் புதிதன்று. 2004இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய கரை இது. ஆனால் 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது நாடு முழுவதும் ஒரே நாளில் தொழில் நின்றது. அப்போது சர்க்கார் செய்த காரியங்களில் ஒன்று நன்று, இரண்டு நன்றல்ல.

நன்று எது? நூறு பேர் வரை உள்ள சிறு ஸ்தாபனங்களில், பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கும் இடங்களில், தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் சேர்த்து 24 சதவீதத்தையும் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை சர்க்காரே கட்டிற்று. முதலாளியின் பளு குறைந்தது. தொழிலாளியின் முதுமைப் பணமும் குறையவில்லை. கஷ்டநிவாரணம் என்றால் இதுவே.

நன்றல்லாதவை எவை? மற்ற ஸ்தாபனங்களில் மே முதல் ஜூலை வரை 12 சதவீதத்தை 10 ஆகக் குறைத்தார்கள். கையில் கூலி கூடும் என்று தொழிலாளிக்குச் சொன்னார்கள். அவன் கணக்கில் முதலாளி செலுத்த வேண்டியதும் உடன் குறைந்தது. அடுத்தது, நிதியில் இருப்பதில் முக்கால் பங்கு அல்லது மூன்று மாதச் சம்பளம், இவற்றுள் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று மார்ச்சு 28ஆம் தேதி உத்தரவு பிறந்தது. 2021இல் இரண்டாம் முறையும் எடுக்க அனுமதித்தார்கள். பசித்தவன் எடுக்கத்தான் செய்வான், அவனைக் குறைசொல்லோம். ஆனால் தன் பணத்தைத் தானே எடுத்துத் தின்னச் சொல்வதை நிவாரணம் என்று பெயரிடலாமா? முப்பத்தெட்டு வயதில் எடுத்த 10,000 ரூபாய், எடுக்காமல் இருந்திருந்தால், 8 சதவீத வட்டியில் ஐம்பத்தெட்டாம் வயதில் 46,000 ரூபாய்க்கு மேலாகியிருக்கும். விதைநெல்லைக் குத்தி உண்ணச் சொல்லிவிட்டு, அதைப் பஞ்ச நிவாரணக் கணக்கில் எழுதிக்கொண்ட கதை இது. போதாக்குறைக்கு 2021-22ஆம் ஆண்டில் வட்டி 8.1 சதவீதமாக இறங்கிற்று. 1977-78க்குப் பின் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

இவ்வழியில் வெகுதூரம் சென்ற தேசம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில் சிலி தேசம் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு வீதம், ஓய்வூதியச் சேமிப்பை எடுக்க அனுமதித்தது. மூன்றாம் முறை முடிந்தபோது எண்ணற்ற ஏழைகளின் கணக்கில் ஒன்றுமே மிஞ்சவில்லை. இதற்கு மாறாக அமெரிக்க ஐக்கிய நாடு, 1930களின் பெருமந்தத்தில் கோடிக்கணக்கானோர் வேலையிழந்து நின்றபோது, இருந்ததைக் கரைக்கவில்லை; இல்லாததைக் கட்டிற்று. 1935இல் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையிழந்தோர் உதவிக்கும் ஒருங்கே அஸ்திவாரம் போட்டது. 1975 முதல் அவ்வோய்வூதியம் விலைவாசியோடு தானாகவே உயர்ந்துவருகிறது. கஷ்டகாலம் முதியோர் நிதியைக் கரைக்கச் சாக்கு அன்று; அதைப் பலப்படுத்தக் காரணம் என்பதே இதன் படிப்பினை.

2025 அக்டோபரில் சேமநிதியின் மத்திய அறங்காவலர் சபை வேறொரு முடிவு செய்தது. கணக்கில் கால்பங்கு எப்போதும் இருக்க வேண்டும். வேலையிழந்தவன் முழுவதும் எடுக்க இரண்டு மாதத்துக்குப் பதில் பன்னிரண்டு மாதமும், ஓய்வூதியப் பணத்தை எடுக்க முப்பத்தாறு மாதமும் காத்திருக்க வேண்டும் என்பது அது. நோக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் காப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு. வேலையிழந்தவன் குடும்பம் இடைக்காலத்தில் உண்ண வழி செய்துவிட்டுப் பூட்டினால் அது காவல். செய்யாமல் பூட்டினால் அது பட்டினி. தொழிலாளர் மருத்துவக் காப்பு நிதியிலிருந்து, வேலையிழந்தவனுக்குச் சராசரிக் கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் திட்டம் ஒன்றை 2018இல் தொடங்கி 2020இல் விரித்தார்கள். அதை நிலையாக்கி, எளிதாக்கி, காலத்தையும் நீட்டினால், எவனும் தன் முதுமையை உடைத்து உண்ண வேண்டியிராது.

முதலாளிகளுக்கு மட்டும் சலுகை தாமதமின்றி வருகிறது. பணம் கட்டாமல் ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடித்த முதலாளி ஆண்டுக்கு 25 சதவீதம் வரை நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூன் மாதத்தில் அதை மாதம் 1 சதவீதமாக, அதாவது ஆண்டுக்குப் பன்னிரண்டாக, இறக்கிவிட்டார்கள். தொழிலாளியின் பணம் வங்கிக்கடனைவிட மலிவான கடனாகிவிட்டால், அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வது எந்த வியாபாரிக்கும் லாபமே. கோயில் சொத்தில் கைவைக்கும் தருமகர்த்தாவை ஊர் சும்மா விடுமா? பல்லாயிரம் உழைப்பாளிகளின் சொத்துக்குத் தருமகர்த்தாவாய் நிற்பவர் முதலாளி. அவருக்கும் மேற்பட்ட தருமகர்த்தா சர்க்கார். இருவருக்கும் அத்தருமமே பொருந்தும்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். ஓய்வூதிய நிதியில் வருங்காலப் பொறுப்புக்குப் போதிய கையிருப்பு இல்லை என்ற வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அளவுக்கு மீறி வாக்களித்துப் பின் கைவிரிப்பதும் ஒரு துரோகமே. ஆனால் 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே மதிப்பிட்டது. மனம் இருந்த இடத்தில் பணம் இருந்தது. சம்பள உச்சவரம்பை உயர்த்தினால் நிதிக்கு வரும் பணமும் உயரும். கோஷ்யாரி கமிட்டி சொன்னபடி சர்க்கார் தன் பங்கான 1.16 சதவீதத்தை உயர்த்தினால் மிச்சமும் நிரம்பும்.

ஆகவே நாம் கேட்பவை ஐந்து. முதலாவது, பணம் கட்டிய எவனுக்கும் கட்டாதவன் பெறுவதைவிடக் குறையாத ஓய்வூதியம் வேண்டும். அது விலைவாசியோடு தானாக உயர வேண்டும். இரண்டாவது, கூலியில் பிடித்தம் செய்த சான்று இருந்தால் அக்காலம் ஊழியமாகக் கணக்கிடப்பட வேண்டும். பாக்கியை முதலாளியிடம் வசூலிப்பது நிதி அதிகாரிகளின் வேலை, முதியவரின் வேலையன்று. மூன்றாவது, கண்டிராக்டர் ஓடிப்போனாலும் ஆலை ஓடாது. ஆதலின் ஆலையே பொறுப்பு என்ற விதி எழுத்தில் இருப்பது போல் நடப்பிலும் இருக்க வேண்டும். நான்காவது, நெருக்கடியில் சந்தாவைக் குறைத்தால் குறைந்ததைச் சர்க்கார் நிரப்ப வேண்டும். ஐந்தாவது, கட்டாதவர் மீது பழைய நஷ்டஈடு திரும்ப வேண்டும்.

சர்க்காரை மட்டும் நோக்கிச் சொல்லி நிறுத்திவிடுவது தேசபக்தர் கடமையன்று. சிப்காட்டில் உழைப்போரில் எத்தனை பேர் தம் சேமநிதிக் கணக்கை மாதந்தோறும் பார்க்கின்றனர்? கண்டிராக்டர் மாறும்போது பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இணைந்தனவா என்று எத்தனை பேர் விசாரிக்கின்றனர்? அறியாதவரைக் குற்றம் கூறிப் பயனில்லை. அறிந்தவர் போய்ச் சொல்ல வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள தொண்டர்களும், வக்கீல் நண்பர்களும், படித்த வாலிபர்களும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்து, ஷிப்டு முடியும் நேரத்தில் பேட்டைச் சாலையோரத்துத் தேநீர்க் கடையில் ஒரு மேஜை போட்டு உட்காரட்டும். ஒவ்வொருவன் கணக்கையும் வாசித்துக் காட்டட்டும். விட்டுப்போன மாதங்களைக் குறித்து உடனே மனு எழுதிக் கொடுக்கட்டும். விட்டுப்போன எட்டு மாதத்தை அடுத்த மாதமே கண்டுபிடித்தால் அது ஒரு கடிதத்தில் தீரும். ஐம்பத்தெட்டாம் வயதில் கண்டுபிடித்தால் அது ஓர் ஆயுளைத் தின்னும். மேடையில் ஆயிரம் பேர் முன் பேசுவதைவிட இது பெரிய தேசசேவை என்பது நமது துணிபு.

பெரியவருடைய சம்பளச் சீட்டுகள் எட்டும் நமது மேஜைமீது இருக்கின்றன. அவற்றை இணைத்து மனு தயாராகிவிட்டது. அது போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போகும். மனுவில் "கருணை கூர்ந்து" என்ற வழக்கமான வார்த்தையை நாம் எழுதவில்லை. "எமக்குச் சேர வேண்டியது" என்றே எழுதியிருக்கிறோம். பெரியவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, "அப்படியே இருக்கட்டும் ஐயா" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.